சிவப்புப் புள்ளி

தினமும் விளக்கேற்றிவிட்டுத்தான் நான் தேநீர் குடிப்பேன். அந்த விளக்கின் மேல் ஆணை, இது நடந்தது. சிதம்பரத்தில், போன ஆவணியில், நல்ல வெளிச்சத்தில்.

மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் பட்டம்மாள். அவருக்கு அப்போது இருதய ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள். திடீர்ச் சத்தம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "தேவாரம் போடுப்பா, நானும் கேக்குறேன். மெதுவா மட்டும் வை" என்றார் பட்டம்மாள். வாக்குக் கொடுத்தேன்.

அதற்காகவே கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் ஆரோக்கியராஜ் என்பவரிடம் ஒரு பழைய பிரீஆம்ப் வாங்கினேன். லேப்டாப்பிலிருந்து பாட்டை வாங்கித் தரும் டிஏசி கருவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைக்கும் பெட்டி. கையால் திருகும் குமிழ் எங்கே நிற்கிறதோ, அதுதான் சத்தம். கரண்ட் போய் வந்தாலும் மாறாது. குமிழைச் சுற்றி, கால்வாசிச் சத்தம் வரும் இடத்தில், யாரோ நகப்பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள்.

அதைத் தாண்டித் திருகினால், சற்று நேரத்தில் குமிழ் புள்ளிக்கே திரும்பியிருக்கும். லேசாக நகப்பாலிஷ் வாசனை அடிக்கும். பழைய சாமான்தானே என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மனைவியின் தம்பி ராஜ்கமல் வந்தான்.

"என்னா மாமா, காயலாங்கடையில பொறுக்குனீங்களா? டிஏசியிலயே டிஜிட்டல் வால்யூம் இருக்குது. நடுவுல இது இருந்தா இரைச்சல்தான் ஜாஸ்தி."

"கீழ நோயாளி இருக்காங்க. தொடாத."

"நாப்பதுலதான் வெப்பேன். அவுங்களுக்கு என்னா ஆயிடப்போவுது?"

பூ வாங்கிக்கொண்டு சாயங்காலம் 5.38க்குத் திரும்பினேன். பிரீஆம்ப் ஒயரெல்லாம் பிடுங்கப்பட்டு ஜன்னலோரம் கிடந்தது. டிஏசி நேராக ஆம்ப்ளிஃபயரில். எனக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது.

5.41. கரண்ட் போனது. லேப்டாப்பில் மட்டும் பதிகம் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் வந்தா டிஏசி எத்தனையில ஆரம்பிக்கும்?"

அவன் டிஏசியைப் பார்த்தான். "...நூறு."

ஸ்விட்சை நோக்கிப் பாய்ந்தேன்.

5.43. கரண்ட் வந்துவிட்டது.

டிஏசி திரையில் நூறு. ஆம்ப்ளிஃபயர் விளக்கு எரிந்தது.

ஸ்பீக்கரில்... மூச்சுக்கூட இல்லை.

டக்.

ஜன்னலோரம்.

குமிழ் கடைசிவரை இறங்கி நின்றது. ஒயரே இல்லாத பெட்டியின் குமிழ்.

பூஜ்யத்துக்கு நேராக... இரண்டாவது சிவப்புப் புள்ளி.

தொட்டேன்.

ஈரம்.

மறுநாள் அதே கோபத்தோடு குடிகாடு போனேன். வாசலிலேயே கேட்டேன், ஏன் மறைத்தீர்கள் என்று. ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கம்மா சவரியம்மாளுக்கு நெஞ்சு நோவு சார். இதுக்கு மேல வெக்காதடான்னு அவுங்கதான் புள்ளி வெச்சாங்க. ஒருநாளு நான்தான் பெட்டியக் கழட்டிட்டு டிஏசிய நேரா ஆம்ப்ளிஃபயர்ல குடுத்தேன். கரண்ட் போயி வந்துது. முழுச் சத்தம். அவுங்க பக்கத்து ரூம்புல படுத்திருந்தாங்க..."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு நாப்பத்திமூணு."

அவர் மேல் ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ராஜ்கமல் மேலும்தான். பக்கத்து அறையிலோ கீழ்வீட்டிலோ படுத்திருப்பவருக்காகச் சத்தத்தைக் குறைக்க ஒரு விரல் போதாதா? இறந்துபோன அந்த அம்மாவுக்கு இருந்த இரக்கம் உயிரோடு இருக்கும் இவர்களுக்கு இல்லையே.

கிளம்பும்போது கேட்டேன். "அந்த நகப்பாலிஷ் பாட்டில் இருக்கா?"

"இல்ல சார். அம்மாவுக்கு அது ரொம்பப் புடிக்கும். சவப்பெட்டியில அவுங்க கையோரம் வெச்சுதான் பொதைச்சோம்."