மறுநாள் வராத பொன்மணி

2017 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடையாற்றங்கரைக் குடிசைகளின் முன்னால் லாரிகள் வந்து நின்றன. குடிசைகளைக் காலி செய்து ஆட்களைப் பெரும்பாக்கம் அரசு அடுக்குமாடிகளுக்கு ஏற்றிப்போக, அடுத்த வாரம்தான் வரும் என்று சொல்லியிருந்த லாரிகள். வேலம்மா பாத்திரங்களையும் பீரோவையும் ஒன்பது வயது மகள் பொன்மணியையும் ஏற்றிக்கொண்டு பெரும்பாக்கம் போய்விட்டாள். அதே நேரத்தில் ராயப்பேட்டையில் ஒரு நரம்பியல் கிளினிக்கில் தபஸ்ஸும் அவர்களுக்காகக் காத்திருந்தாள்.

தபஸ்ஸும் என்னோடு சாந்தோமில் படித்தவள். மூளையில் ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. டெக்னாலஜிஸ்ட். ப்ளஸ் டூ மார்க் டாக்டர் படிப்புக்குப் போதவில்லை, கிடைத்ததில் சேர்ந்தாள். தலையில் பசை தடவும் வேலை என்று முதலில் தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

பொன்மணி கிளினிக்குக்கு வந்தது லாரிகள் வந்ததற்கு முந்தைய நாள். வகுப்பில் திடீரென்று வெறித்துப் பார்க்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை. டீச்சர் திமிர் என்றார். வேலம்மா அடித்துப் பார்த்தாள், மந்திரித்துக் கயிறும் கட்டினாள். கடைசியில் கிளினிக் டாக்டரிடம் காட்ட, அவர் ஈ.ஈ.ஜி. எழுதிக் கொடுத்தார்.

ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பொன்மணியின் தலை தேங்காயெண்ணெயில் மின்னியது. எண்ணெய்த் தலையில், மின் அலைகளைப் பிடிக்கும் கம்பிகள் பசை போட்டாலும் ஒட்டாது.

"இன்னாக்கா, சொன்னோம்ல?"

"குளிப்பாட்டித்தாம்மா இட்டாந்தேன். அதுக்காக பரட்டத் தலையோட பஸ்ல ஏத்த முடியுமா? பாக்கறவங்க தாயில்லாப் புள்ளன்னு சொல்ல மாட்டாங்க?"

தபஸ்ஸுமுக்குத் திட்ட வாய் வரவில்லை. பின்பக்கக் குழாயடியில் தானே உட்கார்ந்து அந்தத் தலையை மூன்று தடவை அலசினாள். காயவைத்துக் கம்பிகளை ஒட்டி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் கூடுதலாகப் போய்விட்டது.

பிறகு ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னாள்; மூச்சு வாங்க ஊதினால் ஒளிந்திருக்கும் கோளாறு திரையில் தெரியக்கூடும்.

"எவ்ளோ நேரம்க்கா?"

"மூணு நிமிஷம். முடிஞ்சா ஊது, இல்லாட்டி உங்கம்மாவ ஊதச் சொல்றேன்."

பொன்மணி சிரித்துக்கொண்டே ஊதினாள். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. கண்கள் திறந்திருந்தன, அவள் அங்கே இல்லை. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக மலைமலையாக எழுந்தன. பதினோரு நொடி. அப்புறம் எதுவும் நடக்காதவள்போல் மறுபடி ஊதினாள்.

திமிர் இல்லை, காத்து கருப்பு இல்லை. மாத்திரைக்கு அடங்கும் ஒரு வகை வலிப்பு. தபஸ்ஸுமுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டெக்னாலஜிஸ்ட் வாய் திறக்கக் கூடாது. டாக்டரோ அந்த ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போயிருந்தார்.

"இன்னாம்மா தெரியுது?"

"நாளைக்கு டாக்டர் சொல்வாருக்கா. கண்டிப்பா வாங்க. அதுவரைக்கும் புள்ளய அடிக்காதீங்க."

அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஃபைலில் இருந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். தபஸ்ஸும் ஆற்றங்கரையில் விசாரித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாக்கம் போய், ஒரே அச்சில் வார்த்த அந்த மாடிகளில் ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

அதற்குப் பிறகு, பதிவில் ஏதாவது தென்பட்டால் டாக்டர் எங்கே இருந்தாலும் போனில் பிடித்து, குடும்பம் வாசல் தாண்டுவதற்குள் பேச வைத்துவிடுகிறாள். "உனக்குப் பேய் பிடிக்கலடா, மாத்திர இருக்கு" என்று ஒரு அப்பா மகனிடம் சொல்வதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பாளாம். பசை தடவும் வேலை என்று இப்போது சொல்வதில்லை.

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோதும் அதே சின்ன அறையில்தான் இருந்தாள். அவள் அண்ணன் ஃபராஸ் ஷார்ஜாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பார்த்து வைத்திருந்தான்.

"போயேன்டி. இந்தப் பொட்டி ரூம்ல இன்னாதான் கீது?" என்றேன்.

"உனக்கு ஏர்போர்ட்டப் பாத்தாத்தான் தூக்கம் வரும், மெஹக். எனக்கு இது புடிச்சிருக்கு." கம்பிகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "நான் போனப்புறம் அந்தப் பொண்ணு வந்தா?"

"எட்டு வருஷமாச்சு. வராதுடி."

"வராட்டிப் போவுது. எங்கியாவது யாராவது கண்டுபுடிச்சு மாத்திர குடுத்தாங்களா? அத மட்டும் ஒருத்தர் சொல்லிட்டாப் போதும்."

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்கும் போட்டுக் காட்டினாள்.

"வேலம்மா பேசறேம்மா. பொன்மணி அம்மா. கிளினிக்குக்கு போன் போட்டு உன் நம்பர் வாங்கினேன். அது ஒம்பதாவது படிக்கச்சதான் கவருமெண்டு ஆஸ்பத்திரில கண்டுபுடிச்சு மாத்திர குடுத்தாங்க. அதுவரைக்கும் நான் அடிச்சதுதாம்மா. இப்ப மூணு வருசமா வர்றதில்ல. மாத்திரைய நிறுத்தலாமான்னு பாக்க மறுபடி அந்த டெஸ்டு எழுதியிருக்காங்க. உங்கிட்டதான் எடுத்துக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. வியாழக்கிழம இட்டாறேன். நீ இருப்பியா கண்ணு?"