பன்னிரண்டு என்றொரு வசவு

திட்டு வாங்கச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று உண்டு. எங்கள் செய்தித் தளத்தில் அந்த வேலையில் இருந்தவள் என் பக்கத்து நாற்காலிக்காரி. செய்திக்குக் கீழே வாசகர்கள் எழுதும் கருத்துகளில் கெட்ட வார்த்தை இருந்தால் முதலில் மென்பொருள் பிடிக்கும்; அது கோட்டை விட்டதை இவள் பிடிக்க வேண்டும். அதனால் ஆபீஸில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வாசகர்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வீட்டில் பூனைக்குட்டி மாதிரி இருக்கிற ஆள்தான் பொய்ப்பெயரில் இங்கே வந்து, பெற்றவளைக்கூட விட்டுவைக்காமல் எழுதுவான். அத்தனையையும் டீ குடித்தபடியே படித்து நீக்குவாள். முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். "இவனுக்குத் திட்டக்கூட ஒழுங்கா எழுத வரலடி. எங்க அச்சகமா இருந்தா சிவப்பு மையால கிழிச்சிருப்பேன்" என்பாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தனியாளாகப் படிக்கவைத்து, அப்புறம்தான் கல்யாணம் செய்துகொண்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று நினைத்திருந்தேன்.

அந்த மென்பொருள் ஒரு தண்டம். மருத்துவப் பக்கத்தில் யாராவது கழுத்து வலி என்று எழுதினால், அதற்குள் 'கழுத' இருக்கிறதாம், நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடும். பன்னிரண்டு மணி என்று எழுதினால் உள்ளே 'பன்னி' இருக்கிறதாம். ரயில் எப்போது என்று கேட்டவருக்கு வெறும் நட்சத்திரமாகப் பதில் போக, மனிதர் போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். சல்லடைதான் உட்கார்ந்து சரிசெய்தாள். பன்னிக்குப் பின்னால் 'ரண்' வந்தால் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"இனிமே எவனாவது பன்னிரண்டுன்னே திட்டினா, மெஷின் கும்பிடு போட்டு உள்ள விட்டுடும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் வந்ததும், "வீட்ல சொன்னேன்டி. அவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு" என்றாள்.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள், கணவர், கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்க்கும் தங்கை. அந்தத் தங்கை, தன்னிடம் தப்பாக நடந்துகொண்ட துறைத் தலைவர்மேல் புகார் கொடுத்திருந்தாள். விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவள் நேரில் போய்ப் பேசினால்தான் புகார் நிற்கும். போகாவிட்டால் அந்த ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு அதே நாற்காலியில் வந்து உட்காருவான்.

விசாரணைக்கு முந்தின நாள் எங்கள் தளத்தில் அது செய்தியானது. அவள் பெயரைப் போடவில்லை. கல்லூரியின் பெயரையும் வேலையையும் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஊருக்கு எல்லாம் தெரியும்.

கருத்துகள் கொட்டின. ஒன்றிலும் கெட்ட வார்த்தை கிடையாது. 'பெரிய பத்தினி வந்துட்டா.' 'மகாராணிக்கு இப்பத்தான் வலிக்குதாம்.' சல்லடை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தாள். எங்கள் ஆசிரியர் எழுந்து வந்தார். எத்தனை பேர் படித்தார்கள் என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

"ஏம்மா தூக்கறீங்க? பத்தினிங்கறது நல்ல வார்த்தைதானே?"

"உங்க வீட்ல யாரையாவது இப்படிச் சொன்னா தெரியும் சார்."

"நம்மகிட்ட வார்த்தைக்குத்தான் விதி இருக்கு, தொனிக்கு இல்ல. கூட்டம் நல்லா வருது, திரும்பப் போடுங்க."

போட்டாள். எனக்கு அந்த மனிதரைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது.

சாயங்காலம் 'நடுநிலையாளன்' என்ற பெயரில் ஒன்று வந்தது. 'இந்தப் பன்னிரண்டை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார்களே, அவர்களைச் சொல்லணும். நாளைக்கு வாயை மூடிக்கொண்டு கிடந்தால் குடும்ப மானமாவது மிஞ்சும்.'

மென்பொருள் வழிவிட்டிருந்தது. சல்லடை நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியாடி?"

"சத்தியமா இல்ல."

"நானும் வீட்ல மட்டும்தான் சொன்னேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. "அவ விசாரணைக்குப் போகக்கூடாதுன்னு தினமும் சண்டை போட்டாரு. இப்ப கொஞ்ச நாளா சும்மா இருந்தாரு. மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். ஆசிரியரைக் கேட்காமலே அந்தக் கருத்தைத் தூக்கினாள். "அவ பாத்திருந்தா ஒடிஞ்சு போயிடுவா. வண்டிய எடு" என்றாள்.

கணவர் சோபாவில் கால்மேல் கால் போட்டுப் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நடுநிலையாளன் நீங்கதானா?"

அவர் மறுக்கக்கூட இல்லை. "நான் ஒரு கெட்ட வார்த்தை எழுதினேனா, சொல்லு. நாலு பேர் பேசறதப் பாத்தாவது வாபஸ் வாங்குவான்னு பாத்தேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

நல்லதுக்கு! அந்த முகத்தில் வெட்கம் மருந்துக்குக்கூட இல்லை. அத்தனை பொய்ப்பெயர்களுக்கும் பின்னால் இருக்கிற முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தேன். நன்றாகச் சவரம் செய்த, சாதாரண முகம்.

தங்கை உள்ளறையிலிருந்து வந்தாள். தோளில் துணிப்பை.

"அவர் எழுதினது வந்த உடனே பாத்துட்டேன்க்கா. நீ அந்தக் கதையச் சொன்னப்ப நானும்தானே கூட உக்காந்து சிரிச்சேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உன் கண்ணுல படாம போயிடாதான்னு இருந்துச்சு. நீ இவர்கூட வாழணுமேக்கா."

அதைக் கேட்ட பிறகுதான் சல்லடை அழுதாள். அந்த ஆபீஸில் அத்தனை வருஷம் அத்தனை சாக்கடையையும் படித்து அழாதவள், ஒரு வசவும் இல்லாத அந்த ஒரு வாக்கியத்துக்கு அழுதாள்.

"நாளைக்கு விசாரணைக்குக் கண்டிப்பா போறேன்" என்றாள் தங்கை. "ஆனா இந்த வீட்ல இருந்துக்கிட்டுப் போக மாட்டேன்."

"இரு, நானும் வரேன்." சல்லடை இன்னும் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

கணவர் அப்போதுதான் சோபாவை விட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல?

"ரெண்டு பேரும் கிளம்பிட்டா, ராத்திரி சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.