வாளிப் பட்டறைத் தண்ணீர்

வாளிப் பட்டறை முதலாளி செத்துப் பல வருஷமாகிவிட்டது. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன்: வேட்டியில் வெற்றிலைக் கறை படாமல் பார்த்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து நல்லது அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை இது. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றில் துணி வெளுத்துப் பிழைத்தவர்கள் நாங்கள். ஆற்றுக்குள் குடும்பத்துக்கு ஒரு கல். முழங்கால் தண்ணீரில் நின்று நானும் என் மனைவியும் டவுன் வீடுகளின் துணியைத் துவைப்போம். எங்கள் கல்லுக்குக் கூப்பிடு தூரம் மேலே அவர் வாளிப் பட்டறை வைத்தார். இரும்புத் தகட்டைத் திராவகத் தொட்டியில் முக்கித் துருவை எடுத்து, மேலே துத்தநாகம் பூசி, வாளியாக அடித்து விற்பார்கள். துருவைத் தின்று தின்று திராவகம் வீரியம் குறைந்ததும் வாய்க்கால் வழியாக ஆற்றில் திறந்துவிடுவார்கள்.

முதலில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பிறகு கல்லில் ஒட்டியிருந்த நத்தைகளின் ஓடு சுண்ணாம்பு உதிர்வது போல உதிர்ந்து, விரலால் தொட்டாலே பொடிந்தது. பிறகு துணி. வெள்ளைச் சட்டை மஞ்சள் பாய்ந்தது. இஸ்திரிப் பெட்டி போட்டால் மடிப்போடு மடிப்பாகக் கிழிந்தது. இரண்டு வீட்டார் எங்களை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவியின் கையைத்தான் பொறுக்க முடியவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சீழ் வைத்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க அவளால் முடியாது, நான்தான் ஊட்டினேன். கை ஓய்ந்தால் கல் போச்சு, கல் போனால் நாங்கள் இந்த ஊரில் யார்?

தண்ணீரில்தான் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டு நோஞ்ஞா, மலாய் பேசும் சீனத்தி. சங்குப்பூவைக் கசக்கி அந்தச் சாற்றில் புளுட் என்கிற ஒட்டரிசியை ஊறவைத்து நீலப் பலகாரம் செய்து விற்பவள். அவள் வீட்டுக் கிணறு ஆற்றை ஒட்டி இருந்தது. ஒருநாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தாள். நீலமாக இருக்க வேண்டிய அரிசி ரோஸ் நிறத்தில் இருந்தது.

"ஆயேர் மாசாம் லா," என்றாள். தண்ணீர் புளிக்கிறது என்று அர்த்தம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சங்குப்பூச் சாறு இப்படித்தான் மாறும் என்று அவளே ஒரு பழத்தை நறுக்கிப் பிழிந்து காட்டினாள்.

எனக்குப் பொறி தட்டியது. சலவை சோடாவை ஒரு பிடி அள்ளி, வாய்க்கால் வாயருகே மொண்ட தண்ணீரில் போட்டேன். புஸ்ஸென்று பொங்கி நுரைத்தது. புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று சும்மா விடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். புளிப்பு பருத்தியைத் தின்னும், நத்தை ஓட்டைத் தின்னும், வெடித்த கையை விட்டுவைக்குமா?

இரண்டு சிரட்டையில் பூச்சாறு ஊற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் மனைவியும் கூட வந்தாள். வாய்க்காலுக்கு மேலே மொண்ட தண்ணீரை ஒன்றில் விட்டேன், நீலம் நீலமாகவே நின்றது. கீழே மொண்டதை மற்றதில் விட்டேன், சிவந்தது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பூவெல்லாம் சாச்சி சொல்லுதாப்பா இப்ப?" என்றார். "என் தண்ணியில ஒரு கெடுதலும் இல்ல. ஒன் பொண்டாட்டி கையை ஒன் சோடாதான் தின்னுச்சு. போய் வேலையப் பாரு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சோடாவில் புழங்கிய கை அது, பட்டறை வரும்வரை ஒரு புண் கண்டதில்லை. அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் நான் முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய வேட்டிகளும் எங்களிடம்தான் சலவைக்கு வந்தன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் வருஷம் தவறாமல் அவர் தண்ணீர்ப் பந்தல் போடுவார். ஆற்றை நாசம் பண்ணிவிட்டு ஊருக்குத் தண்ணீர் வார்க்கிற புண்ணியவான். அந்த நாளுக்கென்று ஒரு மல் வேட்டியும் பட்டு அங்கவஸ்திரமும் கொடுத்தனுப்பினார். இரண்டையும் நன்றாக வெளுத்தேன். கடைசி அலசலுக்கு மட்டும் வாய்க்கால் வாயில் போய்த் தண்ணீர் மொண்டேன். தொட்டிக்குப் புதுத் திராவகம் ஊற்றிய நாள் அது. தகடு கழுவிய தண்ணீர்தான் வாய்க்காலில் வந்தது, வீரியம் இருந்தும் துரு மஞ்சள் இல்லாமல் தெளிவாக இருந்தது. வேட்டியைப் பிழியாமல் அப்படியே காயப்போட்டுக் கஞ்சி போட்டேன். பெட்டியை அதிகம் சூடேற்றவில்லை. மிச்சத்தை வெயிலும் அவர் வேர்வையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

தைப்பூசத்தன்று பந்தலுக்கு எதிரே கூட்டத்தோடு நின்றேன். முதலாளி மாலை போட்டுக்கொண்டு, காவடி எடுத்து வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்டாவிலிருந்து மொள்ளக் குனிந்தார். பின்பக்கம் முதுகுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. பிடித்து இழுத்தார், கையோடு ஒரு துண்டு வந்தது. திரும்பினார், தொடைப் பக்கம் போயிற்று. பட்டு மட்டும் தோளில் பளபளவென்று இருந்தது. பட்டுக்குப் புளிப்பு பகையில்லை, கடைசி அலசலில் நாங்களே அதற்குக் கொஞ்சம் காடி விடுவோம். அந்தப் பட்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் பந்தலுக்குப் பின்னால் ஓடினார். ஜனங்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வயிறு குளிரப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் ஆள்விட்டு அழைத்தார். மேசை மேல் கிழிந்த வேட்டி கிடந்தது.

"என்னடா பண்ணின இதை?"

"அலசினேன், மொதலாளி. ஒங்க வாய்க்கா தண்ணியிலதான். கெடுதல் ஒண்ணும் இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் வேட்டியைச் சுருட்டி மேசை ஓரமாகத் தள்ளினார். என்னைக் குற்றம் சொன்னால் தண்ணீரைக் குற்றம் சொன்னதாக ஆகும். நான் விடவில்லை. "கோர்ட்டு தொரை கோட்டும் எங்க கல்லுக்குத்தான் வருது. கிழிஞ்சா ஏன்னு அவரும் கேப்பாரு," என்றேன்.

ஒரு மாதத்துக்குள் பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, கழிவை அதில் விட ஆரம்பித்தார். சுண்ணாம்பு திராவகத்தின் பல்லைப் பிடுங்கிவிடும். துரு மண்டியாக அடியில் தங்கி, மேலே தெளிந்ததுதான் ஆற்றுக்கு வந்தது. சங்குப்பூச் சாறு நீலமாகவே நின்றது. ஆனால் மனுஷன் சும்மா செய்யவில்லை. பட்டறைத் தண்ணீரால் இதுவரை எவருக்கும் எந்தத் தீங்கும் வந்ததில்லை என்று ஒரு பத்திரம் எழுதிவைத்து, கல்லுக்காரர்கள் எல்லோரும் அதில் ஒப்புதல் தர வேண்டும், இல்லாவிட்டால் குழியை மூடிவிடுவேன் என்றார். குழி மூடினால் மறுபடி புண்தான். எழுதத் தெரிந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக என் மனைவியைக் கூப்பிட்டார்கள். புண்பட்டவள் அவள், அவளுடைய கைநாட்டுதான் அவருக்கு முக்கியம். புண் ஆறியிருந்தது. கணக்கப்பிள்ளை அவள் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார். வெறும் கறுப்புத் திட்டு. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். அதே திட்டு. மற்ற விரல்களையும் பார்த்தார். பத்து விரலிலும் ஒரு கோடுகூட இல்லை, வழுவழுவென்றிருந்தது.

"ரேகை விழலியே, மொதலாளி. இது செல்லாது," என்றார் கணக்கப்பிள்ளை.

முதலாளி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பட்டறையில் அன்று அவர் பேசியபோது கையை மறைத்துக்கொண்டவள், இப்போது பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ரேகை எல்லாம் ஒங்க வாய்க்காலோட போயிருச்சுங்க," என்றாள். "அங்கே போய்த் தேடிப் பாருங்க."