கிளச்சுக்குப் பூசிய சந்தனம்

சந்தன வாசம் வந்தாலே என் இடக்கை வலிக்கிறது. ஆயுத பூசையன்று என் டேர்ட் பைக் மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி வரை சந்தனம் அப்பினேன். சில நாட்களில் கிளச் கல்லாய் இறுகியது. எண்ணெய் விட்டேன், கேபிளை மாற்றினேன், இளகவேயில்லை. மானிப்பாயில் கிளச்சைப் பிடிக்க முடியாமல் பைக் பாய்ந்து, நின்றிருந்த பஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி அணைந்து நின்றது.

"உந்தப் பைக்கை வித்துத் தள்ளப்போறன்!" என்று வீட்டில் கத்தினேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, பிடி திரும்பிற ஆணியைச் சுத்திச் சந்தனமெல்லோ காய்ஞ்சு கிடக்கு!"

கழற்றிக் கழுவி, கிரீஸ் பூசியதும் இரண்டு விரலுக்கே இணங்கியது. இப்போதெல்லாம் முன்விளக்கில் ஒரு பொட்டு மட்டுமே வைக்கிறேன். ஆனாலும் நேற்றுக் கீரிமலைக் கோயிலுக்குப் புறப்பட்டபோது மனைவி வாசல் படலை வரை வந்தாள்.

"கோயிலிலை தாற சந்தனத்தை உங்கடை நெத்தியோடை நிப்பாட்டுங்கோ, என்ன? கவனமாப் போயிட்டு வாங்கோ."