சீசன் ஆரம்பித்த இரண்டாவது ஞாயிறு

"கூப்பிட்டவன் கோட்டிக்காரனா, வாரேன்னு சொன்னவன் களவாணியா? நீ பதினோரு வகுப்பு படிச்சவன்லா, சொல்லுலே ஆதித்தா."

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்வண்ணநாதன் அண்ணாச்சி என்னிடம் இப்படிக் கேட்டார். கோட்டிக்காரன் என்றால் பைத்தியக்காரன். நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, எந்த ஊருக்காவது ஓடிப்போக வழி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் மதுரைக்கார முதலாளி ஒருவருக்குப் பெரிய பங்களா இருக்கிறது. அதற்கு அண்ணாச்சிதான் காவல். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமான இரண்டாம் வருஷமே மனைவி விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிறகு அவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. பங்களாவின் சமையல்கட்டை ஒட்டிய அறையில், இடுப்பில் சாவிக்கொத்தோடு தனியாக இருந்தார்.

வெளியூர்க்காரர்கள் சீசனில் மட்டும் குற்றாலத்தைப் பார்க்கிறார்கள். ஆனி, ஆடி, ஆவணி. அருவியில் தண்ணீர் விழும், கூட்டம் நெரியும், பங்களாவில் அறை கிடைக்காது. புரட்டாசி பிறந்துவிட்டால் கடைகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பிறகு சாலையில் எதிரே ஒரு ஆள் வந்தால் அண்ணாச்சி நின்று பார்ப்பார். பங்களாச் சுவரில் வந்து உட்காருகிற குரங்குகளிடம், "வாங்க மாப்ளே, தங்கச்சி வரலையா?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் சீசனிலும் அவருக்குப் பேச ஆள் கிடையாது. தங்க வருகிறவர்கள், "ஏய் வாட்ச்மேன், வெந்நீர்" என்பார்கள். வெந்நீர் வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவருக்கு இருந்த ஒரே துணை பங்களாவின் பின்னால் இருந்த பூப்பந்து மைதானம். முதலாளியின் மகன் கல்லூரியில் படித்த காலத்தில் போட்டது. மகன் சீமைக்குப் போய்விட்டான். மைதானத்தை அண்ணாச்சி விடவில்லை. செம்மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, சாணி தெளித்து, சிமெண்டுத் தரைபோல வைத்திருந்தார். சீசன் முடிந்த பிறகு தென்காசியிலிருந்து நாங்கள் நான்கு பேர் சாயங்காலம் சைக்கிளில் போவோம். சீசனில் பஸ் நிற்கிற பொட்டலில் துண்டும் சோப்பும் விற்கிற துல்கர்னைன் அண்ணன், சோடாக்கடை பலவேசம், பலவேசத்தின் தம்பி, நான். அண்ணாச்சியோடு ஐந்து பேர். பூப்பந்துக்கு ஓர் அணி என்றால் ஐந்து பேர்தான். எதிரே ஆட ஆள் இல்லாததால் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து அடிப்போம். அண்ணாச்சி எப்போதும் நடுவில் நிற்பார். மஞ்சள் கம்பளிப் பந்து மட்டையில் பட்டால் வருகிற 'டொப்' சத்தம் அவருக்குப் போதும்.

அந்த ஆனிக்கு முந்தின மாசியில் முதலாளி வந்தார். மைதானத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கேய்யா பால்வண்ணம். வரிசையா ஆறு ரூம் கட்டினா சீசன்ல வாடகை வருமே" என்றார்.

அண்ணாச்சி ஒருநாளும் முதலாளியிடம் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினார். "இந்த சீசன்ல ஒரு பந்தயம் வைக்கேன் மொதலாளி. நாலு ஊரு டீமு. பரிசு பணமெல்லாம் கெடையாது, சிநேகிதமா ஆடுதது. குளிக்க வாரவுகளும் வந்து பாப்பாவ. பங்களாவுக்குப் பேரு வரும்."

முதலாளி சிரித்தார். "சரி, நடத்து. நானே வந்து பாக்குறேன். ஆட்டம் நடந்தா மைதானம் இருக்கட்டும். நடக்கலேன்னா வானம் தோண்டிருவோம்."

அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டுவதைத்தான் எங்கள் பக்கம் வானம் தோண்டுவது என்போம். அந்தச் சொல் அண்ணாச்சியைத் தூங்கவிடவில்லை.

துல்கர்னைன் அண்ணனுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம். "அண்ணாச்சி, சாரல்ல கம்பளிப் பந்து நனைஞ்சு கொழுக்கட்டையா போயிரும்லா?"

"சாரல் என்ன மழையாவே பாய்? நனைஞ்சா காய வச்சிருவோம். நீரு உம்ம துண்டை வித்துட்டு நேரத்துக்கு வந்து சேரும்."

அவர் சொன்னது எங்களுக்குச் சரியாகவே பட்டது. குற்றாலத்தில் சாரலை யாரும் மழையில் சேர்ப்பதில்லை. குடை விரிப்பவன் வெளியூர்க்காரன்.

எல்லா ஊருக்கும் கார்டு போட்டுவிடலாம் என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்துக்கு நேர்ல போயி வெத்தலை பாக்கு வைக்கோம்லா? அப்படிக் கூப்பிட்டாத்தான் வருவாவ." பங்குனியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தாம்பாளமும் வெற்றிலை பாக்குமாக விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று மூன்று ஊருக்கும் பஸ்ஸில் போய்வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் சீசனில் கடை வேலை இருக்கும் என்பதால்தான் அந்தத் தூரத்து ஊர்கள்.

திரும்பி வந்தபோது முகம் பத்து வயது குறைந்திருந்தது. "விருதுநகர்ல தங்கசாமின்னு ஒரு பையன். பருப்புக் கடையில கணக்கு எழுதுதான். அவந்தான் அங்க கேப்டன். என்ன மரியாதைலே! பந்தயத்துக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்ட மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சின்னு எந்திரிச்சு நின்னு வாங்குனான்."

"என்னைக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சீசன் ஆரம்பிச்ச ரெண்டாவது ஞாயிறுன்னேன். மூணு ஊர்க்காரனும் சரின்னுட்டான். சீசன் எப்பம்னு தனியா சொல்லணுமாக்கும்? ஊரு ஒலகமே கூப்பிடாம வருதே!"

அந்த வருஷம் சாரல் நேரத்துக்குப் பிடித்தது. இரண்டாவது ஞாயிறு விடியுமுன்பே அண்ணாச்சி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். சாரல் அழித்தது. மறுபடி போட்டார். குளித்த பெண்கள் தலை உலர்த்துகிற சாம்பிராணிக் கூடையைக் கரியடுப்பின்மேல் கவிழ்த்து, அதன்மேல் பந்துகளை வரிசையாக அடுக்கிவைத்தார். ஜெயித்த அணிக்குக் கொடுக்க இன்னொரு கூடை நிறைய மங்குஸ்தான் பழம். விருந்துக்கு தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு அது.

நாங்கள் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றோம். ஒவ்வொரு பஸ்ஸிலும் கூட்டம் இறங்கியது. துண்டு, எண்ணெய்ப் புட்டி, தூக்குச்சட்டி. மட்டை வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. அண்ணாச்சி வெட்கத்தை விட்டு, இறங்குகிறவர்களிடம், "விருதுநகர் டீமா தம்பி?" என்று கேட்டார். ஒருவர், "இல்லைங்க, திருச்சி. மெயினருவிக்கு எப்படிப் போகணும்?" என்றார். அண்ணாச்சி வழி சொன்னார்.

மத்தியானம் முதலாளியின் கார் வந்தது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, வெறும் மைதானத்தையும் நனைந்து தொங்குகிற வலையையும் பார்த்தார். "சீசன் முடிஞ்சதும் ஆள் அனுப்புறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கார் திரும்பிப் போய்விட்டது.

சோறு வீணாகக் கூடாது என்று அருவிக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டு இலை போட்டோம். முன்பின் தெரியாதவர்கள் தலை ஈரம் சொட்டச் சொட்டச் சாப்பிட்டார்கள். "எந்தக் கட்சி சாப்பாடுய்யா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் சொதியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மங்குஸ்தானும் அவர்களுக்கே போயிற்று. எல்லோரும் போனபிறகுதான் அண்ணாச்சி என்னிடம், நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏன் வரலைன்னு ஒரு கார்டு போட்டுக் கேப்போம் அண்ணாச்சி."

"வராதவன்கிட்ட ஏன் வரலைன்னு கேக்கதும் பிச்சை எடுக்கதும் ஒண்ணுதாம்லே. விடு."

புரட்டாசியில் ஆட்கள் வந்து வானம் தோண்டினார்கள். கம்பங்களை அண்ணாச்சியே பிடுங்கினார். அதன்பின் நாங்கள் சாயங்காலம் போனாலும் அதிகம் பேசமாட்டார். ஆட இடமில்லாததால் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நான் மட்டும், வேறு போக்கிடம் இல்லாததால், எப்போதாவது போவேன். ஆறு அறைகளும் இடுப்பளவு எழும்பி நின்றன. செங்கல்லின்மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. அண்ணாச்சி அவற்றையும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இருந்தேன். அருவியில் தண்ணீர் நூல்போலப் பாறையில் ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாசல் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். சாலையில் ஐந்தாறு இளைஞர்கள் வந்தார்கள். எல்லார் தோளிலும் துணிப்பை. பைக்கு வெளியே மட்டையின் கைப்பிடி தெரிந்தது.

முன்னால் வந்தவர் கும்பிட்டார். "என்ன அண்ணாச்சி, ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல? நாங்கதான் மொத டீமா? சாத்தூர்க்காரங்க பின்னாலயே வர்றாங்க. தென்காசி ஸ்டேஷன்ல காப்பி குடிக்க நின்னுட்டாங்க."

அண்ணாச்சி விளக்குமாற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "தங்கசாமிதானே? ஆனியில வரவேண்டிய ஆளு தையில வந்து நிக்கியே!"

"ஆனியா? சீசன் ஆரம்பிச்ச ரெண்டாவது ஞாயிறுன்னு சொன்னீங்க. பொங்கல் கழிஞ்சு, மைதானம் காஞ்சாத்தான சீசன்? அன்னையிலருந்து இது ரெண்டாவது ஞாயிறு."

"தண்ணி விழுந்தாத்தானய்யா சீசன்!"

"தண்ணி விழுந்தா எப்படி அண்ணாச்சி பந்து அடிக்கிறது?"

கரிசல்காட்டில் பந்து ஆடுகிறவனுக்கு சீசன் என்றால் தை. குற்றாலத்தில் பிறந்தவனுக்கு ஆனி. இரண்டு பேரும் சொன்ன வார்த்தையில் ஒரு எழுத்து மாறவில்லை. அண்ணாச்சி மணல் குவியலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நெடுநேரம் போயிற்று. முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மைதானத்துமேல ரூம் கட்டிட்டாங்க தம்பி" என்றார்.

தங்கசாமி எட்டிப் பார்த்தார். "அப்ப நாங்க திரும்பிப் போகவா?"

அண்ணாச்சி உள்ளே போனார். தோளில் கம்பங்களும் கையில் வலையுமாக வெளியே வந்தார். "ஏலே ஆதித்தா, சைக்கிளை எடு. பாயையும் பலவேசத்தையும் அவன் தம்பியையும் கூட்டிட்டு வா."

நான் திரும்பி வரும்போது சீசனில் பஸ்கள் நிற்கிற பொட்டலில் வலை கட்டியிருந்தது. கடைகளுக்குக் கால் ஊன்றிய குழிகள் தரையில் அப்படியே இருந்தன. அவற்றிலேயே கம்பத்தை நட்டிருந்தார். துல்கர்னைன் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏ, இது என் துண்டுக்கடைக் குழிலா! வாடகை எடும் அண்ணாச்சி" என்றார்.

சாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். மத்தியான பஸ்ஸில் கோவில்பட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். நாங்கள் மாதக்கணக்கில் மட்டையைத் தொடாததால் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அண்ணாச்சி மட்டும் நடுவில் நின்று எதையும் கீழே விடவில்லை. பார்க்க வந்தவை சுவரிலிருந்த குரங்குகள்தான். சொதி இல்லை. கஞ்சியும் கொள்ளை அரைத்த காணத் துவையலும். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள். தங்கசாமியின் அணி ஜெயித்தது.

"கப்பு எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி அந்தப் பழக்கூடையை வெறுமையாக எடுத்துவந்து கொடுத்தார். "பழத்தை சீசன்ல வந்து வாங்கிக்கோ."

"எந்த சீசன் அண்ணாச்சி?"

பொட்டல் முழுக்கச் சிரிப்பு. குரங்குகள் எழுந்து ஓடின.

ரயிலுக்கு நேரமாகி அவர்கள் போனதும் எங்கள் ஆட்களும் சைக்கிளை எடுத்தார்கள். நான் வளைவில் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி வலையைக் கழற்றவில்லை. ஒரு பந்தை மேலே போட்டு, எதிர்ப்பக்கம் அடித்துவிட்டு, மெதுவாக நடந்துபோய் எடுத்து, அங்கிருந்து இந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தார். 'டொப்' சத்தம் கொஞ்சதூரம் கேட்டது.

அடுத்த வாரம் நான் நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறேன். பலவேசமும் தம்பியும் கொல்லத்தில் கடை பார்த்துவிட்டார்கள். நேற்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "நல்லா இருலே" என்றார். பிறகு, "பின்னால இடது பக்கம் நீதானே நிப்ப. அங்கன இனி யாரு?" என்று கேட்டார். இதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இனி ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது ஞாயிறு, குற்றாலத்தில் பஸ் நிற்கிற பொட்டலில் அவர் வலை கட்டியிருப்பார். அணியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. ஒற்றை ஆளாக வந்தாலும் அவர் பக்கம் நிற்க இடம் இருக்கிறது. படிக்கிறவர்களே, உங்கள் ஊரில் சாயங்காலம் மஞ்சள் பந்து அடிக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களை அடுத்த ஊருக்கும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது தை மாதம் என்றே சொல்லுங்கள். தயவுசெய்து சீசன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.