அம்மாவின் உள்ளங்கைக்குக் கேட்ட பாட்டு

மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்த குட்டி சப்வூஃபர், அதாவது பேஸ் ஒலியை அதிரவைக்கும் ஸ்பீக்கர், இன்று மதியம் ஒருவழியாகப் பாடத் தொடங்கியது.

பெட்டியை என் 3டி பிரிண்டரிலேயே அச்சிட்டேன். பால் வாங்கப் போகும் ஒரு தூக்குப்போசி அளவுதான் இருக்கும். காற்று கசிந்த ஓரங்களைப் பசை வைத்து அடைத்து, தரையில் வைத்து, பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன்.

சுவரோரம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இளம்பிள்ளையில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியதில் அவருக்குக் காது போய்விட்டது. பாட்டுக் கேட்டுப் பல வருடமாகிறது.

திடீரென்று தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, ஞாயித்துக்கெழமையும் ஆரு ஊட்ல தறி ஓட்டறாங்க?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவர் கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன்.

 அவர் விரல்கள் மெல்லத் தாளம் போட்டன.

"பாட்டா கண்ணு?"

ஆமாம் என்றேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"தண்ணிக்குள்ள இருந்து ஆரோ பாடறாப்பல இருக்குதுங் கண்ணு. நிறுத்தீராத."

 அம்மா பெட்டியை வயரோடு மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்படியே சாய்ந்து தூங்கியும்விட்டார். உதட்டில் இன்னும் சிரிப்பு இருக்கிறது.

நிறுத்தினால் விழித்துக்கொள்கிறார். அதே பாட்டு இதோடு பதினோராவது முறை. காது கேட்கிற என்மேல் இரக்கப்பட்டு, பேஸ் நன்றாக வருகிற நிதானமான பாட்டு நாலு சொல்லுங்களேன்.