வெறுங்கூடும் வேர்வையும்

"உள்ளுக்கை ஒண்டுமில்லை அக்கா. வெறுங்கூடு."

போன வாரம் எங்கள் கந்தப்பளைத் தோட்டத்துக்கு வந்த ஆராய்ச்சிக்காரத் தங்கச்சி ஒரு குட்டிப் போத்தலைக் காட்டி இப்படிச் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான். ஆனால் 'காலி' என்று யாராவது சொன்னாலே என் மூக்கு உஷாராகிவிடும். தோட்டத்து ஸ்டோரிலிருந்து 'காலி' பூச்சிமருந்து கேன்களை எடுத்துவந்து, கழுவி, குடிதண்ணீர் பிடித்துவைத்த லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள் நான். எவ்வளவு தேய்த்தாலும் வெயில் ஏறினால் வாடை வரும். காலியாம்...

விஷயம் இதுதான். புரதத்தை உருண்டையாகக் கட்டி, நடுவில் வெற்றிடம் விடுகிறார்கள். நனோ அளவு — கண்ணுக்கே தெரியாது. பிறகு அதற்குள் மருந்தை அடைத்துத் தேயிலைக்கு அடிப்பார்கள். கொழுந்தில் கொப்புளம் போடும் பங்கசுப் பூஞ்சையின் புளிப்பு பட்டதும் கூடு திறக்குமாம். வேறெங்கும் திறக்காதாம். துளி மருந்தே போதுமாம்.

சோதனைக்குத் தேர்ந்தெடுத்தது என் தங்கை மல்லிகா கொழுந்தெடுக்கும் நிரை. கங்காணி தலையாட்டிவிட்டார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

மல்லிகா ஆட்டவில்லை.

"புளிப்பு பட்டா தொறக்கும்னு சொல்றீங்க. எங்க கை வேர்வை பட்டா தொறக்காதுங்களா? அதே கையாலதான் மலையிலேயே ரொட்டி பிச்சித் திங்கிறோம்."

இப்படியான கேள்விகளைப் பெரிய பெரிய ஆட்களே சிரித்துச் சமாளித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் காத்திருந்தேன்.

"அதை நாங்கள் இன்னும் பாக்கேல்லை அக்கா" என்றார் யாழ்ப்பாணத்துத் தங்கச்சி. போத்தலைப் பைக்குள் வைத்தார். புறப்பட்டுவிட்டார்.

போனவர் போனவர்தான் என்று நினைத்தேன். முந்தாநாள் மறுபடி வந்து நிற்கிறார் — கையில் பஞ்சும் சின்னச் சின்னக் குழாய்களும். கொழுந்தெடுப்பவர்களின் உள்ளங்கை வேர்வை வேண்டுமாம். அதில் கூட்டைப் போட்டுப் பார்த்த பிறகுதான் மருந்தோடு மலைப்பக்கம் வருவாராம். விருப்பமில்லாதவர்கள் தரத் தேவையில்லை என்று வேறு சொன்னார்.

"இதுல என்னமோ இருக்கு அக்கா" என்று மல்லிகா என் காதில் சொன்னாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

எனக்கும் சந்தேகம்தான். பின்னே... இந்த மலையில் எங்கள் வேர்வையை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லையே.